நாலு முழம் தள்ளி

இது பிள்ளை இல்லைக்கா. கோப்பை. இந்தா, துணியை விலக்கிக் காட்டுதேன் பாருங்க. பிள்ளை அந்தா முன் சீட்டுல இருக்கா, அந்த நெட்டைப் பையன் மடியில. அவன் பேரு பீர்முகமது, எங்க காலேஜ் கோல்கீப்பர். கிளவுஸைக் கழற்றாமலே பிள்ளையை வச்சிருக்கான் பாத்தியளா? கைக்கு வந்ததை நழுவ விட மாட்டானாம்.

நீங்க "பிள்ளை அசையவே இல்லையே தாயி"ன்னு பதறிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பாணி தாங்கலை. நானும் பழக்கத்துல தட்டிக் குடுத்துக்கிட்டேதான் வாரேன். பத்து மாசமாத் தட்டின கை சும்மா இருக்குமா? பயலுவ பஸ் ஸ்டாண்டுல கோப்பையைத் தூக்கிப் போட்டு விளையாண்டு ஒரு பக்கம் நசுக்கிட்டானுவ. இங்க தடவிப் பாருங்க, பள்ளம் தெரியுதா? ஞானதாஸ் சாருக்கு வந்துச்சே கோவம்! அவருதான் இவனுவளுக்கு விளையாட்டுச் சொல்லிக் குடுக்குற பி.டி. சாரு. நாலு சீட்டு முன்னால, சன்னல் பக்கம் வழுக்கைத் தலை தெரியுதுல்லா, அவருதான். "இசக்கி, இந்தக் குரங்குககிட்ட இது ஊரு போய்ச் சேராது. நீ பிடி"ன்னு என்கிட்டக் குடுத்துட்டாரு. நான் கோப்பையைப் பிடிச்சா பிள்ளையை யாரு பிடிக்க? அதான் மாத்திக்கிட்டோம்.

நான் பொதுவா யாருகிட்டயும் இப்படிப் பேச மாட்டேன்கா. அவ்வளவு கூச்சம். கடையில போய் கால் கிலோ உளுந்து கேக்கதுக்கே குரல் வராது. கடைக்காரரு என் வாயைப் பாத்து அவராப் புரிஞ்சு குடுப்பாரு. அஞ்சாப்போட நான் நின்னதே அதனாலதான். ஆறாப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போகணும், அங்க புது டீச்சர் பேரு என்னன்னு கேட்டா எந்திரிச்சு நின்னு சொல்லணுமேன்னு போகலை. இன்னைக்குத்தான் பேசுதேன். இந்த பஸ்ஸு இஞ்சின் போடுற சத்தத்துல, தோளோடு தோளா இருக்க உங்களுக்கே கத்திச் சொல்ல வேண்டியிருக்கு. வேற யாருக்கும் கேக்காதுல்லா, அந்தத் தைரியம்தான்.

ஆமாக்கா, ஜெயிச்சுட்டோம். பாளையங்கோட்டையில இன்னைக்கு ஃபைனல். எங்க நாவல்பொத்தை காலேஜுக்கு இதுதான் முதல் கோப்பை. ஊருல மேளம் சொல்லி வச்சிருக்காங்களாம்.

நான் அங்க டீச்சரா? நல்லாக் கேட்டிய போங்க. நான் மார்க்கரு. அதாவது எங்க வீட்டுக்காரரு மார்க்கரு, இந்த வருசம் மட்டும் நான். கிரவுண்டுல சுண்ணாம்புத் தூளால வெள்ளைக் கோடு போட்டிருக்கும்லா, அதைப் போடுற வேலை. வலை கட்டணும், புல்லு வெட்டணும், பந்துக்குக் காத்து அடிக்கணும். எங்க வீட்டுக்காரரு பேரு கொம்பையா. ஏழு வருசமா அங்கதான் மார்க்கரு. தற்காலிகம். ஏழு வருசமாத் தற்காலிகம்! எங்களுக்குக் கல்யாணம் ஆகி நாலு வருசம்தான் ஆவுது, நான் நிரந்தரம் ஆயிட்டேன், அவரு இன்னும் ஆகலை.

ஆடி மாசம் வலை கட்டுதேன்னு கோல் கம்பம் மேல ஏறி உக்காந்திருக்காரு. கீழ இருந்து எவனோ ஒருத்தன் "அண்ணே, போட்டோ!"ன்னு கத்தியிருக்கான். இவரு ரெண்டு கையையும் விட்டுட்டுத் தலையைச் சீவியிருக்காரு. அவ்வளவுதான். அந்தப் போட்டோ இருக்கு, உங்களுக்குக் காட்டுதேன். அதுல கம்பம் மட்டும் இருக்கும். இடது கால் ரெண்டு இடத்துல முறிஞ்சு மூணு மாசம் கட்டு.

அவரு இடத்துல வேற ஆளைப் போட்டா அந்த ஆளே நின்னுருவான். ஏழு வருசம் தண்ணியில போயிரும். ஞானதாஸ் சார் வீட்டுக்கு வந்து கட்டில் பக்கத்துல நின்னு நாடியைத் தடவிக்கிட்டு யோசிச்சாரு. "கோடு நேரா இருந்தாச் சரி. யாரு போட்டாங்கன்னு கோடா சொல்லப் போவுது?"ன்னாரு. அப்புறம் வாசல்ல கிடந்த கோலத்தைக் குனிஞ்சு பாத்துட்டு, "இது யாரு கை?"ன்னு கேட்டாரு. நான் கதவுக்குப் பின்னால நிக்கேன். எங்க வீட்டுக்காரரு, "அவதான் சார். இருபத்தோரு புள்ளியைக் கண்ணை மூடிட்டு வைப்பா"ன்னாரு. மறுநாள்ல இருந்து நான் மார்க்கரு. என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தாலும் நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன்னு வையுங்க.

விடிஞ்சதும் பயலுவ வர்றதுக்கு முன்னாடி போயிருவேன். பிள்ளைக்கு வேப்ப மரத்துல தொட்டில். சேலைக்கு மேல அவரு சட்டையை மாட்டிக்கிட்டு, ஓட்டை போட்ட டப்பாவுல சுண்ணாம்பை அள்ளிக்கிட்டு இறங்கிருவேன். மூணாவது நாளே கை பழகிட்டு. எங்க வீட்டுக்காரரு போனுல வீடியோ காட்டச் சொல்லுவாரு. பாத்துட்டு, "ஏட்டி, என்னை விட நேராப் போடுதியே"ன்னு அவருக்கே பொறாமை. கோடு நேரா இருக்கதுல ஒரு குத்தமும் இல்லைக்கா. எங்க கிரவுண்டுல வந்து நூல் பிடிச்சுப் பாத்துக்கிடலாம்.

குத்தம் வேற இடத்துல.

அதை நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. எங்க வீட்டுக்காரருகிட்டக் கூடச் சொல்லலை. நேத்துல இருந்து நெஞ்சுல கல்லு மாதிரி கிடக்கு. நீங்க சேரன்மாதேவியில இறங்கிருவியல்லா? பிறகு நான் உங்களைப் பாக்கப் போறதில்லை. அதனால உங்ககிட்டச் சொல்லுதேன். நீங்கதான் எனக்கு ஒரு வழி சொல்லணும்.

அளக்குறதுக்கு எங்க வீட்டுக்காரரு டேப்பெல்லாம் வச்சுக்கிட மாட்டாரு. ஒரு நீளக் கயிறு வச்சிருக்காரு. அதுல சின்னக் கட்டத்துக்கு நீலத் துணி, பெரிய கட்டத்துக்கு வெள்ளைத் துணி, பெனால்டி அடிக்கிற புள்ளிக்குச் சிவப்புத் துணி முடிஞ்சிருக்கும். கோல் கோட்டுல இருந்து கயிறை இழுத்துப் பிடிச்சு, துணி விழுற இடத்துல சுண்ணாம்பு வச்சாப் போதும். சித்திரையில காலேஜ் லீவு விட்டதும் கயிறு வீட்டுல சும்மா கிடந்துச்சு. முறுக்கான கயிறு, சும்மா கிடந்தா எனக்குக் கை நிக்குமா? உத்திரத்துல போட்டுப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டிட்டேன்.

அந்தச் சிவப்புத் துணி சரியா அவ முகத்துக்கு நேரா தொங்கி ஆடும். பாத்துக்கிட்டே கிடந்தவ ஒரு நாள் எட்டிப் பிடிச்சுட்டா. பிடிச்சதை உருவி வாயில வச்சுட்டா. நான் பிடுங்கி, துவைச்சு, காயப் போட்டு, ஆனி மாசம் கயிறை அவுக்கும்போது மறக்காம மறுபடி கட்டினேன். மறக்கலைக்கா, அதைச் சொல்லணும். எங்க கட்டன்னு தேடினேன். கயிறுல ஒரு இடத்துல நல்லா அழுத்தின தடம் இருந்துச்சு. இதான் துணி இருந்த இடம்னு இறுக்கி முடிஞ்சுட்டேன்.

அது தொட்டில் முடிச்சுப் போட்ட தடம்கா!

நாலு முழம் தள்ளி. என் கைக்கு நாலு முழம். பெனால்டி புள்ளி கோலை விட்டு இன்னும் நாலு முழம் தள்ளிப் போயிட்டு.

நீங்க பந்து விளையாட்டுப் பாத்ததில்லையா? ரொம்ப எளுப்பம். புள்ளியில பந்தை வச்சு ஒருத்தன் அடிப்பான், கோல்கீப்பர் ஒத்தையா நின்னு பிடிப்பான், குறுக்க யாரும் வரக்கூடாது. அதான் பெனால்டி. மேட்ச் முடிஞ்சும் ரெண்டு டீமும் சமமா இருந்தா ஆளுக்கு அஞ்சு அடிக்கச் சொல்லுவாங்க. அதுக்கு டை-பிரேக்கர்னு பேரு. எங்க பயலுவ நாலு மேட்சுலயும் அதுலதான் ஜெயிச்சானுவ. ஓடி அடிச்ச கோலு மொத்த சீசனுக்கும் ஒண்ணே ஒண்ணு. அதுவும் எதிராளி முட்டியில பட்டு உள்ள போனது. அடிச்ச நம்பிராஜன் அதை இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியுதான்.

நான் கோடு போட வந்த புதுசுல தினம் சாயங்காலம் ஆளுக்கு இருபது பெனால்டி அடிக்க விடுவாரு சாரு. ஒரு பயலுக்கும் உள்ள போகலை. பந்து பாதி தூரத்துலயே சோந்து போயிரும், பீர் கொட்டாவி விட்டுக்கிட்டே பிடிப்பான். சாரு கத்துதாரு, "போன வருசம் போன பந்து இந்த வருசம் ஏம்ல போகலை? லீவுல தின்னுட்டுப் படுத்துக் கிடந்தியளோ?" கேப்டன் ரூபன்தான், "சார், புள்ளி தள்ளிப் போன மாதிரி இருக்கு சார்"ன்னான். சாரு, "தள்ளிப் போறதுக்குப் புள்ளிக்குக் காலா இருக்கு? உன் கால்ல பலம் இல்லை. கிரவுண்டைச் சுத்து பத்து ரவுண்டு!"ன்னாரு. பாவம் ரூபன், ஓடினான். நானும் வேப்ப மரத்தடியில நின்னு, என் புள்ளியைக் குறை சொன்னாம்லா, நல்லா ஓடட்டும்னு நினைச்சேன். இப்ப நினைச்சா நாக்கைப் பிடுங்கிக்கிடலாம் போல இருக்கு.

ஒரு மாசம் அடிச்சானுவ. அடிச்சு அடிச்சு ஒவ்வொருத்தன் காலும் உலக்கை மாதிரி ஆயிட்டு. ஆவணியில ஒண்ணொண்ணா உள்ள போக ஆரம்பிச்சுது.

முதல் ரெண்டு மேட்சு எங்க கிரவுண்டுலதான். வந்த டீமுக்காரனுவ பெரிய காலேஜ்காரனுவ, முடியெல்லாம் கலர் அடிச்சிருந்தானுவ. மேட்சு முழுக்க எங்க பயலுவளை ஓட ஓட விரட்டினானுவ. பீர் பந்தைப் பிடிச்சுப் பிடிச்சே மெலிஞ்சு போனான். எப்படியோ கோல் விழாம முடிஞ்சு டை-பிரேக்கர் வந்துட்டு. ரூபன் தண்ணி குடிக்க மரத்தடிக்கு வந்தான். தொட்டில்ல இருந்து பிள்ளை காலு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனான். அடிச்சான், கோலு! உடனே மத்த நாலு பேரும் ஓடி வந்து வரிசையில நிக்கானுவ, கோயில்ல தீபாராதனை தொடுறதுக்கு நிக்க மாதிரி. எதிர் டீமுக்காரன் ஒருத்தனும் வந்து வரிசையில நின்னான்கா. ரூபன் அவனைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டான்.

வந்தவனுவ அடிச்சதைப் பாக்கணுமே! ஒருத்தன் அடிச்சது வேப்ப மரத்துல போய் விழுந்துச்சு. இன்னொருத்தன் அடிச்சது மெதுவா உருண்டு பீர் காலடியில வந்து நின்னுச்சு. அவன் கீரைக்கட்டை எடுக்க மாதிரிக் குனிஞ்சு எடுத்தான். ரெண்டாவது மேட்சும் அதே கதை. "பாப்பா காலு ராசியான காலு"ன்னு காலேஜ் முழுக்கப் பேச்சாயிட்டு. பிரின்சிபாலே வந்து பாத்தாருன்னா பாருங்க. வந்தவரு எங்க வீட்டுக்காரரைப் பத்தி விசாரிச்சுட்டு, "கோப்பை வரட்டும், கொம்பையா பேரை நிரந்தரத்துக்கு எழுதி அனுப்புதேன்"னு சொல்லிட்டுப் போனாரு. அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரரு கட்டுப் போட்ட காலோட பாட்டுப் பாடினாரு.

செமி ஃபைனலும் ஃபைனலும் பாளையங்கோட்டையில. பிள்ளை கால் இல்லாம வர மாட்டோம்னு பயலுவ ஒத்தைக் கால்ல நின்னதால நானும் வந்தேன். நேத்துக் காலையில அந்த கிரவுண்டு மார்க்கரு டேப் பிடிச்சுக் கோடு போட்டுக்கிட்டு இருந்தாரு. அடுத்தவன் வேலையைப் பாக்குற ஆசை யாருக்குத்தான் இல்லை? அவரு டீ குடிக்கப் போனதும், நான் பையில இருந்த எங்க கயிறை எடுத்து கோல் கோட்டுல இருந்து பிடிச்சுப் பாத்தேன். நீலம் சரியா விழுந்துச்சு. வெள்ளை சரியா விழுந்துச்சு. சிவப்பு மட்டும் அவரு புள்ளியைத் தாண்டி எங்கயோ போய் விழுது.

முதல்ல எனக்குச் சந்தோசம்க்கா. பெரிய ஊரு மார்க்கரு, இம்புட்டுத் தப்பா வச்சிருக்காரே, சொல்லுவமா வேண்டாமா, கூச்சமா இருக்கேன்னு நிக்கேன். அவரு டீயைக் கையில வச்சுக்கிட்டே வந்து, "என்னம்மா, கயிறு கட்டித் தாண்டப் போறியா?"ன்னு சிரிச்சுட்டு, டேப்பை நீட்டிப் படிச்சுக் காட்டினாரு. அவரு புள்ளி சரி. அதுக்கு மேல நான் நிக்கலை. கயிறைச் சுருட்டிப் பையில திணிச்சுக்கிட்டு வந்து உக்காந்தவதான், ரெண்டு நாளா ஒரு வாய்ச் சோறு இறங்கலை.

ஆனா ஒண்ணுக்கா. இந்த ரெண்டு மேட்சும் சுத்தம். அங்க புள்ளி நியாயமான புள்ளி, என் தப்பு ஒரு விரக்கடை கூட இல்லை. நேத்தும் அஞ்சுக்கு அஞ்சு, இன்னைக்கும் அஞ்சுக்கு அஞ்சு! ரூபன் பந்தை வைக்கும்போது ரெஃப்ரிகிட்ட, "சார், புள்ளி சரிதானா? ரொம்பக் கிட்ட இருக்கே"ன்னு கேட்டான். ரெஃப்ரி, "தூரமா வேணும்னா உங்க ஊருல இருந்து அடி தம்பி"ன்னுட்டாரு. அடிச்ச வேகத்துல வலை ரெண்டு இடத்துல பிஞ்சுட்டு. எல்லாரும் குதிக்காங்க, எனக்கு மட்டும் இதை யாரு தைக்கன்னு இருந்துச்சு. அந்தப் பத்தும் பிள்ளை காலு குடுத்தது, அதுல சந்தேகமே இல்லை. முதல் ரெண்டு மேட்சுதான் என் தப்புல வந்தது.

ஏன்கா சிரிக்கிய? நான் அழுதுருவேன் போல இருக்கேன், நீங்க சிரிக்கிய.

திங்கள்கிழமை யுனிவர்சிட்டியில இருந்து டேப்போட வாராங்க. கோப்பை எடுத்த காலேஜ்லதான் அடுத்த வருசம் எல்லா மேட்சும் நடக்குமாம், அதுக்கு கிரவுண்டை அளக்க. அளந்தா என்ன ஆகும்? ஜெயிச்சது செல்லாதுன்னு கோப்பையைப் பிடுங்கிருவாங்க. கோடு போடத் தெரியாத கொம்பையாவுக்கு எதுக்கு நிரந்தரம்னு கேட்டுருவாங்க. போட்டவ நான், பேரு அவருக்கு. நாளைக்கு விடியமுன்ன போய், பழைய புள்ளியைக் கொத்தி விட்டுட்டு, சரியான இடத்துல வச்சுட்டு, கயிறை அடுப்புல போட்டுரலாம். யாருக்கும் தெரியாது. ஆனா ஞானதாஸ் சாரு என்னை நம்பி டப்பாவைக் கையில குடுத்த மனுசன்கா. அவருகிட்டச் சொல்லாம மறைச்சா அது களவு மாதிரி இருக்கு. சொல்லலாம்னா அவரு முகத்தைப் பாத்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கிடும். சொல்லவா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க, நான் செய்யுதேன்.

என்னக்கா, கையைக் காட்டுதிய? சன்னலுக்கு வெளிய என்ன? ரயில்வே கேட்டா?

கேட்டு போட்டுட்டானா? எப்போ? தொட்டில் கட்டினேன்னு சொன்னப்பவேயா?

அப்போ... இஞ்சினை அப்பவே அணைச்சுட்டானா? இத்தனை நேரமும் நான் இந்த அமைதியிலயா கத்திக்கிட்டு இருந்தேன்?

ஐயோ, எல்லாத் தலையும் இங்க திரும்பியிருக்கே. ஐயோ, சாரு எந்திரிக்காரு. அக்கா, கொஞ்சம் மறைச்சுக்கிடுங்க. அக்கா, இறங்கிராதீங்க!

போயிட்டாரா? உக்காந்துட்டாரா? நான் கோப்பைக்குள்ள முகத்தை வச்சிருந்தேன்க்கா. பாதி கேட்டுச்சு, பாதி கோப்பைக்குள்ளயே சுத்திச்சு. நான் சரியாத்தான் கேட்டேனான்னு நீங்க சொல்லுங்க.

முதல்ல, "நாலு முழமா?"ன்னு கேட்டாரு. ஆமா சார்ன்னேன். "யாரு கைக்கு?"ன்னாரு. என் கைக்கு சார்ன்னேன். என் கையைப் பாத்துட்டு, விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டாரு. அப்புறம் ரூபனைத் திரும்பிப் பாத்து, "ஏல, அன்னைக்குப் பத்து ரவுண்டு ஓட விட்டதுக்கு மன்னிச்சுக்கோல"ன்னாரு. சாரு மன்னிப்புக் கேட்டு நான் பாத்ததே இல்லை. அது வரைக்கும் சரியாக் கேட்டுச்சு.

"திங்கள்கிழமைக்கு முன்னால டேப் பிடிச்சு அந்தப் புள்ளியைச் சரி பண்ணிரு. அவனும் அங்க இருந்துதான் அடிச்சான், நம்மாளும் அங்க இருந்துதான் அடிச்சான். கோப்பையை எவனும் கேக்க மாட்டான்"னாரு. சரி சார்ன்னேன். "கயிறை என்ன செய்யப் போற?"ன்னாரு. எரிச்சிருதேன் சார்ன்னேன். அப்பதான் ஒரு அதட்டு அதட்டினாரு பாருங்க, கோப்பையே அதிர்ந்துச்சு. "எரிச்சேன்னா பாரு! மேட்சு கிரவுண்டுல டேப்பு. பின்னால பயலுவ பழகுற பொட்டல்ல உன் கயிறு. அதே முடிச்சு, அதே சிவப்புத் துணி. ஒரு விரக்கடை குறையக் கூடாது. கொம்பையா விசயத்தைப் பிரின்சிபால்கிட்ட நான் பேசிக்கிடுதேன். உங்களை விட்டா இந்தக் கயிறு வேற காலேஜுக்குப் போயிரும்"னாரு. இப்படித்தானே சொன்னாரு? நீங்களும் கேட்டியல்லா?

பிரின்சிபால்கிட்டப் பேசுதேன்னது புரியுது. சாமி புண்ணியம், எங்க வீட்டுக்காரரு வேலை பிழைச்சுது. ஆனா தப்பான புள்ளியை எதுக்குக்கா மறுபடியும் வைக்கச் சொல்லுதாரு?

தண்டனைதான். வேற என்ன? அஞ்சாப்புல எங்க டீச்சர், தப்பு விட்டா அதையே நூறு தரம் எழுதச் சொல்லுவாங்க. அது மாதிரி இது. வைக்கேன், தினம் வைக்கேன். செஞ்ச தப்புக்கு இது கூடச் செய்யலைன்னா எப்படி? பயலுவளும் பாருங்க, கொஞ்சமாவது கோவப்படுதானுவளா? ரூபன் அங்க இருந்து, "யக்கா, அடுத்த வருசம் அஞ்சு முழமா வைக்கா!"ன்னு கத்துதான். கேலி பண்ணுதானுவக்கா. பண்ணட்டும். சும்மா இருல!

இஞ்சின் போட்டுட்டான். அப்பாடா, இனிமேத் தைரியமாப் பேசலாம். சேரன்மாதேவி வந்துரும், கூடையை எடுத்துக்கிடுங்க. மகளுக்கு மாப்பிள்ளை வீடு பாக்கத்தானே போறிய? இறங்கும்போது பீர்கிட்டச் சொல்லி, பிள்ளை காலை ஒரு தடவை தொட்டுட்டுப் போங்க. கூசாதீங்க, எல்லாரும் தொடுறதுதான்.

இந்தக் கோப்பை வந்ததே அந்தக் காலாலதான்க்கா.